நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ

மற்றவர்கள் குளிசை விழுங்குவதைப் பார்ப்பதுதான் ஸ்டெபனியின் வேலை. அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. பல்லுக்கும் கண்ணாடிக்கும் காப்புறுதியும் கொடுத்தது.

தாய் மரியம்மாவுக்கு இந்த வேலையை ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று கதைக்கிற பெண்கள் கேட்டால், "கவுண்மேந்திலை. நேர்ஸ் மாதிரி" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவா. உண்மையில் நேர்ஸ் மாதிரியும் இல்லை. ஊசி போடுகிறதில்லை, இரத்தம் எடுக்கிறதில்லை. காசநோய் வந்தவர்கள் மாதக்கணக்கில் குளிசை எடுக்கவேண்டும். இரண்டு மாதம் எடுத்ததும் உடம்பு தேறிவிடும். உடம்பு தேறினால் மனிதன் குளிசையை மறந்துவிடுவான். மறந்தவனிடம் நோய் திரும்பி வரும். வரும்போது அந்தக் குளிசைக்குப் பயப்படாத நோயாக வரும். அதனால் ரொறன்ரோவில் மருந்தை இலவசமாகக் கொடுப்பதோடு, விழுங்குகிறார்களா என்று பார்க்க ஆளும் வைத்திருந்தார்கள். முந்தி வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இப்போது பாதிப் பேர் போனில் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். குளிசையைக் காட்டவேண்டும், வாயில் போடவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். நாக்குக்குக் கீழே ஒளிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பெரிய மனிதர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள்.

ஸ்டெபனி பார்த்த நாக்குகளைப் பல்வைத்தியர்களே பார்த்திருக்கமாட்டார்கள்.

இரத்தினவேல் அவளிடம் வந்து சேர்ந்தது தை மாதக் குளிருக்குள். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுவிட்டுக் கல்கரிக்குப் போய்விட்டான். மேலாளர் மாக்கஸ், ஜமேக்காக்காரன், விவரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இந்த மனிதருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தருகிறோம் என்றதற்கு, உலகத்தில் எந்தப் பாஷையும் தா, தமிழை மட்டும் தராதே என்று சொல்லியிருக்கிறார். உங்களுடைய ஆட்களுக்கு என்ன பிரச்சினை?"

"எங்களுடைய ஆட்கள்தான் பிரச்சினை" என்றாள் ஸ்டெபனி.

மாக்கஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தகப்பன் அருள்நாயகம் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். குளிர் அறைக்குள் பன்னிரண்டு வருடம் நின்ற மனிதன் ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு வீட்டிலும் பேசவில்லை. இரண்டு மாதம் மனநல வார்ட்டில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் மரியம்மா கோயில் சனத்துக்குச் சொன்னது, "அவர் மொன்றியலுக்குப் போட்டார்" என்று. ஸ்டெபனிக்கு அப்போது பதினான்கு வயது. அவளும் மொன்றியல் என்றுதான் சொன்னாள். அப்பாவுக்கு மொன்றியலில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு ஒரு வேலையையும் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"இவரை நான் எடுக்கிறேன். இங்கிலீஷிலேயே கதைக்கிறேன்" என்றாள். அவர் இருக்கிற ரெக்ஸ்டேல் பக்கம் பார்க்க வேறு ஆளும் இல்லை. மாக்கஸ் தலையாட்டினான்.

ஸ்டெபனி என்ற பேரையும் போனில் கேட்ட அவளுடைய இங்கிலீஷையும் வைத்து இரத்தினவேல் அவளை ஒரு வெள்ளைக்காரி என்று முடிவுகட்டிக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

ஐம்பத்தெட்டு வயது மனிதர். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற பெரிய கிச்சினில் வேலை. கழுத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி வந்து, அதை வெட்டிப் பார்த்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. இது இருமித் தொற்றுகிற வகையில்லை, வீட்டில் ஒருவருக்கும் ஆபத்தில்லை, வேலைக்கும் போகலாம் என்று டொக்டர் விளக்கமாகச் சொன்னார். இரத்தினவேலின் காதில் விழுந்தது ஒரு சொல்தான்: கசம். அவர் பிறந்த இடத்தில் அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், ஆள் செத்த பிறகும் வெளியே போகாது. மனைவி ஜெயமலருக்குக் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவிட்டார். அவவும் நம்பினா. அவர் கொஞ்சம் கொழுத்த ஆள்தான்.

முதல் கிழமைகளில் அவர் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கிற ஆளைப்போல இருந்தார். தொடர்மாடிக்குப் பின்னால் பார்க்கிங்கில், தன்னுடைய பழைய கொரோலாவுக்குள் இருந்துகொண்டு போனை ஸ்ரேறிங்கில் சாய்த்து வைப்பார். வேலைக்குப் போகமுன், வெறும் வயிற்றில். "குட் மோர்னிங் மேடம்." குளிசை. தண்ணீர். நாக்கு. "தாங்யூ மேடம்." அவ்வளவுதான்.

ஒரு நாள் பெரிய குளிசை ஒன்று தொண்டையில் சிக்கிவிட்டது. கண் பிதுங்கி, இருமி, தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, "அறுந்துபோவான், தொண்டைக்குள்ளை குந்திக்கொண்டெல்லோ இருக்கிறான்" என்றார். பிறகு போனைப் பார்த்து, "ஸொறி மேடம்" என்றார். அலுவலகத்தில் இருந்த ஸ்டெபனிக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு வாய் திறந்துகொண்டது. நாக்கைக் காட்டி முடிந்த பிறகும் போனை நிப்பாட்டமாட்டார். இந்த மேடத்துக்கு ஒன்றும் விளங்காது என்கிற தைரியம். மனிதனுக்குச் சொல்ல ஒரு காது வேண்டும். விளங்காத காது கிடைத்தால் இன்னும் சுகம்.

"இண்டைக்கும் ஒம்லெட்தான் மேடம். ஆகாயத்திலை போறவனுக்கு முட்டை இல்லாட்டிச் சரிவராது."

"மகள் கஜனி ஸ்ரௌவ்வில்லிலை வீடு வாங்கிக் கிடக்கிறாள். வடிவான வீடு. கடை ஒண்டில்லை, பஸ் ஒண்டில்லை. பால் முடிஞ்சாக் கார் எடுக்கவேணும். எல்லா வீடும் ஒரே மாதிரி. போன முறை நான் வேறை ஆற்றையோ வீட்டு பெல்லை அடிச்சுப்போட்டன்."

ஒரு நாள் தன்னுடைய மூலவியாதியைப் பற்றி விபரமாகச் சொன்னார். ஸ்டெபனி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்கவேண்டும். அவளுக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லுவோம் என்று நாளை நாளையாகத் தள்ளினாள். ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கும்போது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த இடத்தில் சொல்வது? அவர் குளிசையை ஒரு நாளும் தவறவிடவில்லை. அதுவே போதும் என்று மனதைச் சமாளித்துக்கொண்டாள்.

பங்குனி முடியப்போகிற ஒரு காலை இரத்தினவேலின் முகம் சரியில்லை. குளிசையை விழுங்கினார். நாக்கைக் காட்டினார். பிறகு கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மேடம், உங்கடை குளிசை என்ரை குடும்பத்திலை கைவைச்சிட்டுது."

அந்தச் சிவப்புக் குளிசைக்கு ஒரு குணம் உண்டு. மூத்திரம், வியர்வை, கண்ணீர் எல்லாம் செம்மஞ்சளாக வரும். பயப்படவேண்டாம் என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுவார்கள். கழிவறையை இரத்தினவேல் சமாளித்துவிட்டார். ஆனால் கிச்சினில் அடுப்புச் சூட்டுக்குள் நின்றால் பெனியன் நனையும். ஜெயமலரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹொட்டேலின் லோன்றியில் வேலை செய்கிறவ.

"நேற்று என்ரை பெனியனை வெளிச்சத்துக்கு நேரை பிடிச்சுப் பாக்கிறாள். கழுத்தடியிலை சிவப்பு. 'உது ஆற்றை குங்குமம்?' எண்டு கேக்கிறாள். கிச்சின்லை சோஸ் பட்டது எண்டன். நாள் முழுக்க அழுக்குத் துணியோடை நிக்கிறவளுக்கு சோஸ் எது எண்டு தெரியாதே? மணந்து பாத்தாள். குங்குமமும் இல்லையாம், லிப்ஸ்ரிக்கும் இல்லையாம். 'உது என்ன புதுச்சாதிப் பூச்சு, எவள் பூசுறவள்?' எண்டாள்."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"பிறகு போனைப் பாத்திட்டாள். உங்கடை மெசேச்."

ஒவ்வொரு வீடியோவுக்கும் கணினி தானாக ஒரு மெசேச் அனுப்பும். நோயாளியை உற்சாகப்படுத்தவேண்டும் என்று யாரோ மேலிடத்தில் யோசித்துச் செய்த ஏற்பாடு. வேறு ஒருவர் பார்த்தாலும் நோய் தெரியக்கூடாது என்பதற்காக அதில் மருந்து, குளிசை, சுகாதாரம் என்று ஒரு சொல்லும் இருக்காது. இங்கிலீஷில் இவ்வளவுதான்: 'இன்று அருமை! நாளை சந்திப்போம். ஸ்டெபனி.' பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகமும் ஒரு சிவப்பு இருதயமும், கீழே அவளுடைய வேலைப் போன் நம்பரும். மூன்று மாதமாக, நாள் தவறாமல்.

"காலமை பல்கனியிலை நிண்டு பாக்கிறவளாம். நான் காருக்குள்ளை இருந்து போனோடை பல்லைக் காட்டுறனாம். ஆவெண்டு வாயைத் திறக்கிறனாம். ஒன்பதாம் மாடியிலை இருந்து அதெல்லாம் தெரியுமோ மேடம்? அவளுக்குத் தெரியும்." அவர் கொஞ்சம் சிரித்தார். "இருக்கட்டும். பொம்பிளை எண்டு நினைச்சாத் திட்டுவாள். சமைக்காமல் விடுவாள். அது பறவாயில்லை. மற்றது தெரிஞ்சால்தான்."

பிறகு ஒரு கோப்பையின் கதையைச் சொன்னார். முந்தி அவர்களுடைய வீட்டில் ஒரு மனிதர் அறை எடுத்து இருந்தவராம். எந்த நேரமும் இருமுவாராம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் தேத்தண்ணீர் குடித்த கோப்பையை ஜெயமலர் பேப்பரில் சுற்றி, கொரிடோரில் இருக்கிற குப்பைக் குழாய்க்குள் போட்டுவிட்டா. ஒன்பது மாடியும் அது இடித்து இடித்துப் போய் உடைந்த சத்தம் கேட்டதாம்.

"எனக்கெண்டு ஒரு கோப்பையை அவள் வேறையாய் வைக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது மேடம். மற்ற எல்லாம் ஏலும்."

வீடியோ முடிந்தது. கணினி தன்னுடைய மஞ்சள் சிரிப்பையும் சிவப்பு இருதயத்தையும் அனுப்பியது.

ஸ்டெபனி மாக்கஸிடம் ஓடினாள். மெசேச்சை நிறுத்தச் சொன்னாள். எழுதிக் கேட்கிறேன், கொஞ்ச நாள் எடுக்கும் என்றான். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்றதும் அவனுடைய முகம் மாறிவிட்டது. "அந்த மனிதரை உனக்குத் தெரியும் என்றுகூடச் சொல்லமுடியாது. தெரியும்தானே?" தெரியும். இந்த வேலையில் முதலில் சொல்லித் தருவதே அதுதான்.

அடுத்த நாள் மத்தியானம் அவளுடைய வேலைப் போன் அடித்தது.

"ஹலோ. யூ ஸ்டெபனி?"

"யெஸ். ஹூ இஸ் திஸ்?"

"மீ வைஃப். ரத்தினவேல் வைஃப். வை யூ சீ ஹிம் டுமோறோ? எவ்ரிடே டுமோறோ, டுமோறோ! டுடே நோ?"

"ஐ ஆம் ஸொறி. ஐ கான்ற் டிஸ்கஸ்…" என்று தொடங்கினாள் ஸ்டெபனி. அந்தப் பக்கம் கேட்கவில்லை. ஜெயமலரிடம் இருந்த இங்கிலீஷ் தீர்ந்துபோய், அழுகை வந்துவிட்டது. போனுக்குச் சொல்லாமல் தனக்குத்தானே தமிழில் சொல்லி அழுதா. "பிள்ளையாரப்பா, துணி வெளுத்து வெளுத்து என்ரை கை வெடிச்சுப்போச்சு. இந்தக் கையாலை சமைச்சுக் குடுத்தன். இந்த வயசிலை என்னை இப்பிடி விட்டிட்டார்."

அழுகைக்கு ஸ்டெபனியிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை.

"அன்ரி, அழாதேங்கோ" என்று வந்துவிட்டது.

அந்தப் பக்கம் அழுகை டக்கென்று நின்றது.

"எடியே. தமிழிச்சியோ நீ?"

"ஓ… ஓம் அன்ரி."

"வெள்ளைக்காரி, ஒண்டும் தெரியாதவள் எண்டு நினைச்சன். தமிழிச்சி! தெரிஞ்சுகொண்டோ செய்யிறாய்? என்னை அன்ரி எண்டு கூப்பிடுறாய். அப்ப அந்தாளை என்னெண்டு கூப்பிடுறனி?"

அங்கிள் என்று சொல்ல ஸ்டெபனிக்கு வாய் வரவில்லை. "அவரையே கேளுங்கோ அன்ரி. என்னாலை சொல்ல ஏலாது. சட்டம் அப்பிடி."

"சட்டமோ? கனடாவிலை இதுக்கும் சட்டம் வைச்சிருக்கிறாங்களோ?"

பிறகு ஜெயமலர் சொன்ன சொற்களில் பாதியை ஸ்டெபனி மன்னாரில் இருந்து வந்த பிறகு கேட்டதே இல்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். வைத்துவிட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடும் என்று பயந்து, அவ வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த நாள் வீடியோ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மத்தியானம் இங்கிலீஷில் ஒரு மெசேச் வந்தது: 'மேடம் ஸ்ரொப். ஐ ஆம் பினிஷ். தாங்யூ.'

தாங்யூவை விடாத மனிதர்.

இரண்டு நாள் தவறினால் நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்பது ஒழுங்கு. மறுநாள் காலை ஸ்டெபனி குளிசைப் பையை எடுத்துக்கொண்டு ரெக்ஸ்டேலுக்குக் கார் ஓடினாள். உருகின பனி பார்க்கிங் முழுக்க ஊத்தைச் சேறாகக் கிடந்தது. அவர் வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்துக்கு, கொரோலாவுக்குள் இருந்தார். போனைக் காணவில்லை. சும்மா இருந்தார். மூன்று மாதப் பழக்கம் ஆளைக் கொண்டுவந்து இருத்திவிட்டது.

அவள் கண்ணாடியில் தட்டினாள். இறக்கினார்.

"அங்கிள், நான்தான் ஸ்டெபனி."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தார். திரும்ப முகத்தைப் பார்த்தார். கட்டி இருந்த இடம் சிவந்தது.

"நான் தமிழ் வேண்டாம் எண்டு சொன்னனான்."

"தெரியும் அங்கிள்."

"எல்லாத்தையும் கேட்டனீரோ?"

"ஓம்."

"அந்த… மூலத்துக் கதை?"

"அதுவும்தான்."

இரத்தினவேல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் சேற்றுக்குள் நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். முதல் நாளே சொல்லியிருக்கவேணும், சொல்லாமல் விட்டது பிழை, வேறு ஆள் வேண்டுமென்றால் இன்றைக்கே மாற்றித் தருகிறேன் என்றாள். அவர் பொத்தின கைக்குள் இருந்தே கேட்டார்.

"எவடம்? மன்னாரே? கதை அப்பிடித்தான் கிடக்கு. ஆற்றை பிள்ளை?"

"நீங்கள் ஆர் எண்டு நான் இண்டைவரை ஒருத்தருக்கும் சொல்லேல்லை அங்கிள். நான் ஆற்றை பிள்ளை எண்டு நீங்களும் கேக்கப்படாது. சரிக்குச் சரி."

அவர் கையை எடுத்தார். கண்ணில் ஒரு பொட்டுச் சிரிப்பு வந்து போனது. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி இருந்தாள்.

ஜெயமலர் அவரோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் போய்விட்டா. ஸ்டெபனிக்குப் போன் எடுத்த அன்று பின்னேரமே மருமகன் வந்து ஸ்ரௌவ்வில்லுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். "கார் ஓடத் தெரியாதவள் அங்கை போய் இருக்கிறாள் எண்டால், திரும்பி வாற யோசினை இல்லை எண்டுதான் கருத்து" என்றார். அதனால் குளிசையை விட்டுவிட்டாராம். குளிசை இல்லாவிட்டால் பெனியனில் சிவப்பு இல்லை, போனில் மெசேச் இல்லை, காருக்குள் இருந்து வாயைத் திறக்கிற கூத்தும் இல்லை. கொஞ்ச நாளில் கோபம் ஆறும். வந்துவிடுவா. கழுத்திலும் இப்போது ஒன்றுமில்லை, தடவிப் பாரும் என்று காட்டினார்.

"கட்டி வத்தினது குளிசையாலை. இப்ப விட்டால் திரும்பி வரும் அங்கிள். வரேக்கை இந்தக் குளிசை கேக்காது. வேறை குளிசை, ரெண்டு வருசம், காது கேளாமல் பண்ணுற மருந்தெல்லாம் இருக்கு. நான் பாத்திருக்கிறன்."

"வரட்டும். செத்தாலும் பறவாயில்லை. கோப்பை வேறை வைக்கக்கூடாது."

ஸ்டெபனிக்குக் கோபம் வந்துவிட்டது. அலுவலகத்தில் படிப்பித்த பொறுமை எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"என்ரை அப்பா ரெண்டு மாதம் ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். மொன்றியல் போட்டார் எண்டு அம்மா ஊருக்கெல்லாம் சொன்னா. அவருக்கு மானம் போகக்கூடாது எண்டுதான் சொன்னா. ஒரு சனம் வந்து எட்டிப் பாக்கேல்லை, எப்பிடி வருங்கள்? மொன்றியலுக்கோ போறது? வீட்டை வந்தாப்போலை அவர் அம்மாவைக் கேட்டது ஒண்டுதான். 'அப்ப உனக்கும் வெக்கமாத்தான் இருந்ததோ?' எண்டு. அம்மா அதுக்கு இண்டைவரை மறுமொழி சொல்லேல்லை."

இரத்தினவேல் ஸ்ரேறிங்கின் தோலை நகத்தால் சுரண்டினார்.

"அன்ரி கோப்பையை எறிவாவோ இல்லையோ எனக்குத் தெரியாது. நீங்கள் கேக்காமலே அவாவுக்குத் தீர்ப்பு எழுதிப்போட்டியள். அவா உங்களுக்கு எழுதின மாதிரி."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார். குளிசையை எடுக்கவில்லை. கட்டாயப்படுத்த அவளுக்கு அதிகாரமும் இல்லை. தொற்றாத நோய்க்கு அரசாங்கம் கெஞ்சலாம், அவ்வளவுதான். பையை அவள் இருந்த ஸீற்றிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். கொரோலா சேற்றை அவளுடைய காற்சட்டையில் அடித்துவிட்டுப் போனது.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. பார்க்கவேண்டிய நாக்குகளைப் பார்த்தாள். அடுத்த நாளும் அந்தப் பெயருக்கு நேரே வெறுமையாகவே கிடந்தது. இப்படி விட்டுப்போனவர்கள் முந்தியும் இருந்தார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். இந்த மனிதரை அப்படி விடமுடியவில்லை. அவர் தவறவிட்டதற்கு அரைப்பங்கு காரணம் தன்னுடைய வாய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்ரி அழாதேங்கோ என்று சொன்ன வாய். அதைத் திரும்பச் சொல்லவேண்டி வந்தாலும் சொல்லத்தான் செய்வாள் என்பதும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை வந்து கணினியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோ ஒன்று காத்திருந்தது. இரத்தினவேல்.

காருக்குள் இல்லை. பளபளவென்று ஒரு புதுக் கிச்சின். வெள்ளைக் கல்லுப் பதித்த மேசை. யன்னலுக்கு வெளியே ஒரே மாதிரி வீடுகள், மரமே இல்லாமல். ஸ்ரௌவ்வில். போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரத்தினவேல் பின்னுக்குப் போய் நின்றார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றா. மெல்லிய, உயரமான பெண். தலைமயிரை இறுக்கி முடிந்திருந்தா. ஜெயமலரை ஸ்டெபனி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அப்பா, வை ஆர் யூ ஃபில்மிங் இன் மை கிச்சின்?" என்று மாடிப்படிப் பக்கமாக ஒரு குரல் கேட்டது.

"நீ மேலை போ பிள்ளை. இது கவுண்மேந்து அலுவல்."

பிறகு அவர் போனைப் பார்த்தார்.

"பிள்ளை, இண்டைக்கு நான் உமக்கு விளங்கிறதுக்காகவே கதைக்கிறன். என்ரை பேர் இரத்தினவேல். எனக்குக் கசம். கழுத்திலை வந்தது, நெஞ்சிலை இல்லை. மற்றாக்களுக்குத் தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவர். மாரி தொடங்க முந்தியே தெரியும். ஸ்டெபனி எண்ட பிள்ளை நான் குளிசை விழுங்குறனோ எண்டு பாக்கிற கவுண்மேந்து ஆள். பெனியன்லை கிடந்த சிவப்பு இந்தக் குளிசையின்ரை சாயம். இதுதான் அது."

சிவப்புக் குளிசையைத் தூக்கிக் காட்டினார். அது போனுக்குக் காட்டினது போலத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் பின்னுக்கும் திருப்பிக் காட்டினார். வாயில் போட்டார். ஒரு நீலக் கோப்பையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. மீதித் தண்ணீரோடு கோப்பையைக் கொண்டுபோய், மற்றச் சாமான்களோடு சேராமல், மேசையின் ஒரு மூலையில் தனியாக வைத்தார்.

ஜெயமலரின் கட்டின கை இன்னும் அவிழவில்லை. முகம் மட்டும் திரும்பியிருந்தது.

"கொழுப்புக் கட்டி எண்டியள்."

"ஓம்."

"அந்தப் பெட்டையை நான் என்னவெல்லாம் பேசினன். அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"கோப்பை" என்றார் இரத்தினவேல். "அந்த அறைக்காறன்ரை கோப்பையை நீ எறிஞ்சனி. நான் பாத்தனான்."

அவ இல்லையென்று சொல்லப்போகிறா என்று ஸ்டெபனி நினைத்தாள். ஏதாவது ஒரு நியாயம் சொல்லுவா என்று நினைத்தாள்.

"ஓம். எறிஞ்சனான். பயத்திலைதான் எறிஞ்சனான். கஜனி அப்ப சின்னப்பிள்ளை." ஜெயமலர் ஓர் அடி முன்னுக்கு வந்தா. "அவன் ஆரோ எவனோ. நீங்கள் ஆர்? விசர் மனுசன். நீங்கள் எனக்கு ஆர்?"

அவர் சேர்ட் கையால் கண்ணைத் துடைத்தார். வெள்ளைச் சேர்ட்டில் செம்மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது. ஜெயமலர் அதைப் பார்த்தா. கிட்ட வந்து கையைப் பிடித்து, தொழில் பழக்கத்தில் அந்தக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தா.

"கண்ணீருமோ இந்த நிறம்?"

"எல்லாம் இந்த நிறம்தான். மூத்திரம் இன்னும் மோசம்."

அவ சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தா. பிறகு அந்த மூலையில் இருந்த நீலக் கோப்பையை எட்டி எடுத்தா. இரத்தினவேல் அவவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதிரைக்குப் பக்கத்தில் குப்பை வாளி இருந்தது. ஸ்டெபனிக்கும் அது தெரிந்தது. ஜெயமலர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தா. அவர் விட்ட தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. நின்ற இடத்திலேயே அதை அண்ணாந்து குடித்தா. குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை மற்றக் கோப்பைகளுக்கு நடுவில் தொப்பென்று வைத்தா.

"மருந்துக்கு இவ்வளவு தண்ணி காணாது. நிரம்பக் குடிக்கவேணும்" என்றா.

அதற்குப் பிறகுதான் போனைக் கண்டா. "உது இன்னும் ஓடுதே?" முகம் பெரிதாகிக்கொண்டு கிட்ட வந்தது. கண்மடல் வீங்கியிருந்தது. "பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னதுகளை மனசிலை வைச்சிருக்காதையும். நீர் ஒண்டும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நிண்டீர். அது எனக்குப் பிறகுதான் உறைச்சது. சாப்பிட்டிட்டோ வேலைக்கு வாறனீர்? இதை எப்பிடியப்பா நூக்கிறது?" ஒரு விரல் திரையை மூடியது.

ஸ்டெபனி கொஞ்ச நேரம் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாக்கஸ் அந்தப் பக்கமாகப் போனவன் நின்று, என்ன, சுகமா என்று கேட்டான். சுகம் என்றாள். பார்த்தேன் என்பதற்கான அடையாளத்தைப் போடப்போனவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த அமளியில் மனிதர் நாக்கைக் காட்டவில்லை.

விழுங்கினதை அவளுடைய கண்ணால் கண்டாள். அடையாளத்தைப் போட்டாள். பிறகு தன்னுடைய கையாலேயே தமிழில் ஒரு மெசேச் எழுதினாள். 'அங்கிள், நேற்று வாய் காட்டேல்லை. இனி மறக்காதேங்கோ. அன்ரியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.'

அடுத்த நாள் வந்த வீடியோ ஒன்பதாம் மாடியில், அவர்களுடைய சொந்தக் கிச்சினில் எடுத்தது. போனை யாரோ கையில் பிடித்திருந்தார்கள், படம் ஆடியது. இரத்தினவேல் கதிரையில் நேராக இருந்து குளிசையை விழுங்கி, ஒரு செம்புத் தண்ணீரைக் கஷ்டப்பட்டுக் குடித்து முடித்தார்.

"ஆவெண்டுங்கோ" என்றது போனுக்குப் பின்னால் ஜெயமலரின் குரல்.

"ஆ."

"இன்னும். அது என்ன அரைவாய்? ஒம்லெட்டுக்குத் திறக்கிற மாதிரித் திறவுங்கோ. நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ. அந்தப் பக்கம். இந்தப் பக்கம். அந்தப் பிள்ளைக்குத் தெரியவேணும்."

"தெரியும் மலர், காணும், வாய் நோகுது."

"நொந்தா நோகட்டும். கள்ளன் நீங்கள், உங்களை நம்ப ஏலாது."

போன் இன்னும் கிட்டப் போனது. திரை முழுக்க இரத்தினவேலின் நாக்குத்தான் தெரிந்தது. ஸ்டெபனி காலைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கடிக்க மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.